கோபத்துக்கு ஒரு வணக்கம்: சிங்கப்பூரின் ருத்ரா

1992 ஜூன் மாதம் நார்வேயின் பெர்கன் நகருக்கு அருகே ஃபான்டாஃப்ட் என்ற பழைய மரத் தேவாலயம் எரிந்து சாம்பலானது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த நாட்டில் மேலும் பல தேவாலயங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. மெட்டல் என்ற உரத்த ராக் இசையில் சாத்தானைப் பாடும் கிளை பிளாக் மெட்டல். அதன் இசைக்காரர்கள் சிலர் பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள். மெட்டல் இசை என்றாலே கிறித்தவத்தின் மீது தொடுத்த போர் என்ற எண்ணம் உலகெங்கும் வேரூன்றியது அப்போதுதான். அதே 1992இல் சிங்கப்பூரில் கதிர், சிவா, பாலா என்ற பெயர்களுடன் சில இளைஞர்கள் உறுமல் குரலில் பாடும் டெத் மெட்டல் வகையில் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கோபம் கொள்ளத் தேவாலயம் எதுவும் இல்லை. பாதிரியார் யாரும் அவர்களை மண்டியிடச் சொல்லவில்லை. குழுவுக்கு ருத்ரா என்று பெயர் வைத்தார்கள்.

முப்பது ஆண்டுகள் கடந்தும் அந்தக் குழு இயங்கிவருகிறது. தாங்கள் வாசிப்பதை அவர்கள் ‘வேதிக் மெட்டல்’ என்று அழைக்கிறார்கள். இந்தப் பெயரைக் கேட்டதும், கிடார் இரைச்சலுக்கு நடுவே கொஞ்சம் தபலாவும் கொஞ்சம் சுலோகமும் தூவியிருப்பார்கள் என்றுதான் தோன்றும். அப்படிப்பட்ட கலவைகள் ஏராளமாக வந்துவிட்டன. பெரும்பாலானவற்றை ஒருமுறை கேட்டால் போதும். ருத்ராவின் கதை வேறு. மெட்டலின் ஓசையை அவர்கள் பெரிதாக மாற்றவில்லை. அந்த ஓசை யாரை எதிர்த்து எழுகிறது என்பதை மாற்றினார்கள்.

இதைப் புரிந்துகொள்ள அந்த ஊரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் அரசுக்கும் உரத்த இசைக்கும் என்றுமே ஒத்துப்போனதில்லை. 1970களில், முடியை நீளமாக வளர்த்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அரசு அலுவலகங்களில் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். 1972இல் பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பலினின் கச்சேரி அவர்களது தலைமுடியாலேயே நின்றுபோனது. மேடைக்கு முன்னால் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு ஆடும் ஸ்லாம் டான்ஸுக்கு 1990களின் தொடக்கத்தில் தடை வந்தது. தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான ஓர் உதாரணமும் உண்டு. தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகள் வாசிக்க 1973 முதல் அனுமதி கிடையாது. உறுமியும் தவிலும் இல்லாமல் காவடி நகர்ந்தது. குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு இடம் கொடுத்தது 2016இல்தான். சாமி ஊர்வலமானாலும் சரி, சாத்தான் பாட்டானாலும் சரி, சத்தம் எழுந்தால் ஒழுங்கு குலையும் என்பது அந்த நகரத்தின் கணக்கு.

அந்தக் கணக்குக்கு நடுவிலும் மெட்டல் வளர்ந்தது. 1980களில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதைத் தோளில் சுமந்தவர்கள் பெரும்பாலும் மலாய் இளைஞர்கள். அப்ஹோரர், இம்பயட்டி போன்ற சிங்கப்பூர்க் குழுக்கள் வெளிநாட்டு மெட்டல் வட்டங்களிலும் பெயர் பெற்றன. 1990இல் ஆர்மீனியன் தெருவில் நாடக ஆசிரியர் குவோ பாவ் குன் தொடங்கிய சப்ஸ்டேஷன் கலைமையம், வேறெங்கும் இடம் கிடைக்காத குழுக்களுக்கு மேடை கொடுத்தது. பெனின்சுலா ஷாப்பிங் சென்டரின் கிடார்க் கடைகளில் வேடிக்கை பார்த்துக்கொண்டே வாசிக்கக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறையே உண்டு. அங்கெல்லாம் இந்திய முகங்கள் குறைவு. மக்கள்தொகையில் இந்தியர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவானவர்கள். அவர்களில் மெட்டல் கேட்பவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சிறுபான்மைக்குள் சிறுபான்மையாகத்தான் ருத்ரா பிறந்தது.

அந்தக் காலத்துச் சூழலில் இன்னொன்றும் உண்டு. மத நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் அங்கே 1990இல் நிறைவேறி, 1992 மார்ச் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. பிற மதத்தைச் சீண்டும் பேச்சுக்குச் சட்டப்படியே தடை விழுந்த ஆண்டில், மதத்தைச் சீண்டுவதையே தொழிலாகக் கொண்ட ஓர் இசை வகையைக் கையில் எடுத்த பிள்ளைகள் இவர்கள். மலேசியாவில் 2001இல் பிளாக் மெட்டல் ரசிகர்கள் மீது பெரிய அளவில் நடவடிக்கை எடுக்கப்பட்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். சாத்தானைப் பாடினால் வம்பு வரும் பூமியில் சிவனைப் பாடினால் யார் என்ன சொல்ல முடியும் என்று அவர்கள் யோசித்ததாக நான் கருதவில்லை. ஆனால், அவர்கள் எடுத்த வழி அவர்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்ததில் இந்தச் சூழலுக்கும் பங்கு இருந்திருக்கும்.

குழுவின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1994இல் ஒரு டெமோ (மாதிரி) ஒலிநாடா. நடுவில் பெயரின் எழுத்துக்கூட்டலில் ஒரு மாற்றம். 1996இல் கலைந்துபோய், பிறகு மீண்டும் ருத்ரா என்ற பெயரிலேயே கூடினார்கள். சிங்கப்பூரில் ஓர் இளைஞர் குழு உடையாமல் இருப்பதுதான் அதிசயம். ஆண்பிள்ளைகள் எல்லோரும் ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகள் கட்டாய ராணுவப் பணிக்குப் போயே ஆக வேண்டிய காலம் அது. 1998இல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் முழு ஆல்பம் வந்தது. 2001, 2003, 2005 என்று இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒன்றாக அடுத்தவை வந்தன. கிடார் வாசிப்பவர்கள் வந்தார்கள், போனார்கள். பேஸ் கிடாரும் குரலும் கதிர், டிரம்ஸ் சிவா என்ற அச்சு மட்டும் மாறவில்லை. பிழைப்புக்கு வேறு வேலை, இசைக்கு மிச்ச நேரம் என்பதுதான் இதுபோன்ற குழுக்களின் வாழ்க்கை முறை. அதில் ஒரு வசதியும் இருக்கிறது. விற்பனையை நம்பிச் சாப்பிடாதவர்களை யாரும் பாட்டை மாற்றச் சொல்ல முடியாது.

இனி அந்தப் பெயருக்கு வருவோம். கிருஷ்ண யஜுர் வேதத்தில் உள்ள ஸ்ரீருத்ரம், சிவன் கோயில்களில் அபிஷேகத்தின்போது இன்றும் ஒலிப்பது. சிங்கப்பூர்க் கோயில்களில் வளர்ந்த பிள்ளையின் காதிலும் அது விழாமல் இருந்திருக்காது. ‘நமஸ்தே ருத்ர மன்யவ’ என்று அது தொடங்குகிறது: ருத்ரனே, உன் சினத்துக்கு வணக்கம். அடுத்த வணக்கம் அம்புக்கு. அதற்கடுத்து வில்லுக்கும் கைகளுக்கும். அருளை அல்ல, கோபத்தை முதலில் கும்பிடும் துதி அது. உள்ளே போகப் போகப் பட்டியல் விரிகிறது. தச்சர், தேர் செய்பவர், குயவர், கொல்லர், வேடர், நாய் வளர்ப்பவர் எல்லோருக்கும் வணக்கம். திருடர்களின் தலைவனுக்கும் வணக்கம். ‘நமோ நம’ என்று அடுக்கிக்கொண்டே போகும் அந்த ஓட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், நல்ல மெட்டல் பாடலுக்குத் தேவையான எல்லாமே அதில் இருப்பது தெரியும். திரும்பத் திரும்ப வரும் சொல், வளர்ந்துகொண்டே போகும் வேகம், பயமும் ஈர்ப்பும் ஒன்றாய்க் கலந்த ஒரு தெய்வம். இதை ஓதுவதே வாழ்க்கை என்று கழுத்தளவு நீரில் நின்று இரவும் பகலும் ஓதியவர் என்று உருத்திர பசுபதி நாயனாரைப் பெரிய புராணம் காட்டுகிறது. தீவிரம் என்பது நமக்குப் புதிய சங்கதி இல்லை.

இசை நுட்பத்திலும் இந்த இணைப்பு பொருந்துகிறது. வேதம் ஓதுவதில் சுரங்கள் அதிகம் இல்லை. ஒரு நடு நிலை, அதற்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று, பெரும்பாலும் அவ்வளவுதான். அதன் வலிமை முழுக்க அசைகளின் நீளத்திலும் அழுத்தத்திலும் இருக்கிறது. டெத் மெட்டலின் உறுமல் குரலும் அப்படித்தான். அதில் ராகம் பாட முடியாது. குரல்வளையின் மேல்மடிப்புகளை அதிரவைத்து எழுப்பும் அந்த ஒலியில் சுருதி தெளிவாக நிற்காது. பாடகரின் கையில் மிஞ்சுவது தாளமும் உச்சரிப்பும் மூச்சும்தான். அதனால் சமஸ்கிருத வரிகள் உறுமலில் உட்கார்ந்துகொள்கின்றன. மெல்லிசையில் அதே வரிகளை வைத்தால் பக்திப் பாடல் கேசட்டாகிவிடும். கிடாரின் தடித்த கம்பியைச் சுருதி இறக்கி, அந்த ஒரே ஒலியை அடியில் விடாமல் ஒலிக்கவைப்பது மெட்டலின் பழைய வழக்கம். தம்புரா கேட்டு வளர்ந்த காது அதை அந்நியமாக உணராது. இரண்டு கால்களாலும் அடிக்கும் டபுள் பாஸ் டிரம் அதன்மேல் ஓடும்போது, ருத்ராவின் சில பகுதிகள் சண்டைக் காட்சியைப் போலவும் வேறு சில ஜபம் போலவும் ஒலிக்கின்றன. இரண்டுக்கும் இடையே வாசிப்பு மாறுவதில்லை. கேட்பவரின் கவனம்தான் மாறுகிறது.

படைப்பு நோக்கு என்று பார்த்தால், 2005இல் தொடங்கிய ‘பிரம்மவித்யா’ வரிசைதான் இந்தக் குழுவின் முதுகெலும்பு. பிரைமார்டியல் ஐ (2005), டிரான்சென்டென்டல் ஐ (2009), இம்மார்ட்டல் ஐ (2011) என மூன்று ஆல்பங்கள். அதற்கு முன்பு 2003இல் ‘குருக்ஷேத்ரா’ என்ற பெயரில் பாரதப் போர்க்களத்தைத் தொட்டிருந்தார்கள். போர், தேர், சங்கு என்று மெட்டலுக்குத் தோதான களம் அது. மூன்று ஆல்ப வரிசையில் போர்க்களம் உள்ளே நகர்கிறது. தலைப்புகளின் கடைசியில் நிற்கும் அந்த ‘ஐ’ ஆங்கிலத்து நான். அத்வைதம் பேசும் நான். தோல், பெயர், ஊர், சாதி எல்லாவற்றையும் கழற்றிய பிறகு எது மிஞ்சுகிறதோ அது.

மேற்கத்திய மெட்டலின் ‘நான்’ வேறு மாதிரி. உலகத்தை எதிர்த்துத் தனியாக நிற்பவன், யாருக்கும் தலைவணங்காதவன், தன் விருப்பமே சட்டம் என்பவன். கடவுளை இறக்கிவிட்டு அந்த நாற்காலியில் தானே உட்காரும் நான் அது. ருத்ராவின் பாடல்கள் இந்த நாற்காலியைத்தான் உடைக்கின்றன. கொல்லப்பட வேண்டியது அகங்காரம், அழிக்கப்பட வேண்டியது அறியாமை, வாள் ஞானம். 2016இல் வந்த ஆல்பத்தின் பெயரே ‘எனிமி ஆஃப் டூயாலிட்டி’, இருமையின் பகைவன். அதில் ஒரு பாட்டு இருமை என்னும் அரக்கர்களை வெட்டச் சொல்கிறது. சொற்களை மட்டும் பார்த்தால் வழக்கமான மெட்டல் வன்முறை. அரக்கன் யார் என்று கேட்டால், பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும் நாம்தான். கேட்பவரின் கோபத்தை அவர்மேலேயே திருப்பிவிடும் இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தியான இசை என்ற பெயரில் புல்லாங்குழலும் நீரோடையும் விற்கும் உலகத்தில், மனத்தை அடக்குவது ரத்தம் வரும் வேலை என்று உறுமிச் சொல்கிறார்கள்.

இது மேடைக்காகப் போட்ட வேடம் இல்லை. கதிர் வேதாந்தத்தை முறையாகப் பயின்றவர், கற்பிப்பவர். மனக்கவனப் பயிற்சி அளிப்பவராகவும் சிங்கப்பூரில் அறியப்பட்டவர். பகலில் அமைதியாக மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொடுப்பவரும் மேடையில் உறுமுபவரும் ஒரே ஆள் என்பது பத்திரிகைகளுக்குச் சுவையான செய்தி. அவருக்கு அதில் முரண் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘மெஜஸ்டிக் அஷ்டாவக்ரா’, ‘அவதூதா’ என்றெல்லாம் பாட்டுக்குப் பெயர் வைப்பவர் கவர்ச்சிக்காக வைக்கவில்லை. அஷ்டாவக்ரரை யாரென்று தெரியாத ஃபின்லாந்து ரசிகன் தேடிப் படிக்கட்டும் என்று விட்டுவிடுகிறார். மெட்டல் ரசிகர்கள் அப்படித் தேடிப் படிக்கும் சாதி என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் தமிழ் வாசகருக்கு இங்கே இரண்டு நெருடல்கள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதிக்க எனக்கு விருப்பமில்லை.

ஒன்று, 2001 ஆல்பத்தின் பெயர்: ‘தி ஆர்யன் க்ருசேட்’. வேதாந்த நூல்களில் ‘ஆர்ய’ என்ற சொல் பண்பில் உயர்ந்தவரைக் குறிக்கும் என்பது குழுவின் தரப்புக்கு வலுச் சேர்க்கும் செய்திதான். ஆனால் ஒரு சொல் நூலுக்குள் மட்டும் வாழ்வதில்லை. ஐரோப்பிய மெட்டலின் ஓரங்களில் வெள்ளை இனவெறிக் குழுக்கள் அதே சொல்லைக் கொடியாகப் பிடித்திருந்த காலம் அது. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லின் அரசியல் ஒரு நூற்றாண்டு வயதுடையது. கறுத்த தோல் கொண்ட சிங்கப்பூர்க்காரர்கள் அதை எடுத்து மெட்டல் மேடையில் வைத்ததை, வெள்ளையர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டதாகவும் படிக்கலாம். அப்படிப் படிக்க எனக்கும் ஆசைதான். இருந்தாலும், ஆல்பத்தின் உறையை மட்டும் பார்க்கும் மதுரைக்காரருக்கு அந்த விளக்கம் போய்ச் சேராது.

இரண்டாவது நெருடல் மொழி. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாட்டில், தமிழ்ப் பெயர் கொண்டவர்கள், ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும் பாடுகிறார்கள். காரணங்களை ஊகிக்கலாம். அவர்கள் எடுத்துக்கொண்ட மூலநூல்கள் சமஸ்கிருதம். அவற்றைப் பற்றிய பேச்சு ஆங்கிலம். கேட்பவர்கள் உலகெங்கும் சிதறிக் கிடப்பவர்கள். சிங்கப்பூரில் தமிழ்ப் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு என்ற நினைப்பும் அவர்களைத் தள்ளிவைத்திருக்கும். எல்லாம் சரி. ஆனால் 2016 ஆல்பத்தின் ஒரு பாட்டு உடலை ஒன்பது வாயில் கோட்டை என்கிறது. கீதையில் வரும் உருவகம். நமக்கோ அது சிவபுராணத்தில் ‘மலஞ்சோரும் ஒன்பது வாயிற் குடில்’ என்று இன்னும் அருவருப்போடும் இன்னும் உரத்தும் இருக்கிறது. கோட்டையைவிடக் குடில்தான் மெட்டலுக்குப் பொருத்தம். நட்ட கல்லைச் சுற்றிவந்து முணுமுணுக்கும் மந்திரம் ஏதடா என்று கேட்ட சிவவாக்கியரின் சந்தத்தை மேசையில் விரலால் தட்டிப் பார்த்தாலே தெரியும், அதற்கு டிரம்ஸ் தனியாகத் தேவையில்லை. நாதன் உள்ளிருக்கிறான் என்ற அதே இடத்துக்குத்தான் ருத்ராவும் போகிறது, சிவவாக்கியர் கேலி செய்த மந்திரத்தின் வழியாக. சித்தர்கள் பக்கம் அவர்கள் திரும்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இது அவர்கள் மேல் புகார் இல்லை. அந்த வேலை இன்னும் யாருக்கோ மிச்சமிருக்கிறது என்ற பேராசைதான்.

இந்த அடையாளச் சிக்கல் ஆய்வாளர்களின் கண்ணிலும் பட்டது. சிங்கப்பூர் இசையியலாளர் யூஜின் டைரியநாதன், வேதிக் மெட்டலையும் அந்நாட்டுத் தென்னிந்தியச் சமூகத்தையும் பற்றி 2009இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இந்தியர் என்றால் கர்நாடக இசையும் பரதமும் என்று அரசின் பண்பாட்டுக் கட்டங்கள் வகுத்து வைத்திருக்கும் ஊரில், இந்தக் குழுவை எந்தக் கட்டத்தில் போடுவது? மெட்டல் ரசிகனுக்கு இது அதிகம் சாமி. கோயில் கமிட்டிக்கு இது அதிகம் சத்தம். இரண்டு பக்கமும் முழுதாக ஒட்டாமல் முப்பது ஆண்டுகள் நின்றிருக்கிறார்கள்.

பின்னால் வந்தவர்கள் உண்டு. காத்மாண்டுவின் டையிங் அவுட் ஃபிளேம் 2014இல் ‘சிவ ருத்ராஷ்டகம்’ என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தது. செக் நாட்டின் கல்ட் ஆஃப் ஃபயர் இந்தியத் தாந்திரிக உருவங்களை பிளாக் மெட்டலுக்குள் எடுத்துக்கொண்டது. வேத, தாந்திரிக உலகங்கள் இன்று மெட்டலில் ஒரு கிளையாகவே நிற்கின்றன என்றால் அதற்கு முதலில் பள்ளம் தோண்டியவர்களில் ருத்ராவும் உண்டு. சிங்கப்பூரிலிருந்து அவர்களைவிடப் பெரிய மேடை ஏறியவர்களும் இருக்கிறார்கள். மெட்டலும் பங்க் இசையும் கலந்த அதிவேக வகையான கிரைண்ட்கோரை வாசிக்கும் வார்ம்ராட் குழு 2017இல் இங்கிலாந்தின் பெரிய இசைவிழாவான கிளாஸ்டன்பரியிலேயே வாசித்தது. ருத்ராவுக்கு அப்படியொரு வெளிச்சம் விழவில்லை.

2022இல் ‘எய்ட் மஹாவித்யாஸ்’ ஆல்பம் வந்தது. மகாவித்யா என்ற சொல்லைக் கேட்டதும் தாந்திரிகத் தேவியர் நினைவுக்கு வருகிறார்கள். பத்து மகாவித்யைகள் என்று மரபு சொல்லும் வரிசையில், தன் தலையைத் தானே அறுத்துக் கையில் ஏந்தி, பீறிடும் ரத்தத்தைத் தானே குடிக்கும் சின்னமஸ்தா இருக்கிறாள். காக்கையும் முறமுமாய் விதவைக் கோலத்தில் தூமாவதி இருக்கிறாள். ஆல்ப உறைக்குக் கோரம் தேடி அலையும் ஓவியர்கள் கற்பனை செய்ய வேண்டியதையெல்லாம் நம் பூசை அறை எப்போதோ வரைந்து வைத்துவிட்டது. இதைக் கண்டுகொள்ள மெட்டல் பழகிய கண் வேண்டியிருந்திருக்கிறது.

கேட்க நினைப்பவர்கள் 1998லிருந்து வரிசையாக வர வேண்டியதில்லை. 2009 ஆல்பத்தின் ‘ஹிம்ஸ் ஃப்ரம் தி பிளேசிங் சாரியட்’ பாட்டில் தொடங்கலாம். தேர்த்தட்டில் நடந்த உரையாடல்தான் அதன் கரு என்று தெரிந்தால் பாதி பாரம் குறையும். வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு சொல்கூடப் பிடிபடாது. இரண்டாம் முறை வரிகளை விட்டுவிட்டு சிவாவின் கால்களை மட்டும் கவனியுங்கள். பிறகு பிரம்மவித்யா மூன்றையும் வந்த வரிசையிலேயே கேட்கலாம். தலை வலித்தால் ஒலியைக் குறைக்காதீர்கள், நிறுத்திவிட்டு மறுநாள் வாருங்கள். சன்னமாக வைத்தால் இந்தக் கிடார்கள் கொசுப் பட்டாளமாகிவிடும்.